ஏழாவதில் மரத்தை எடுக்கச் சொன்னது யார்?

செய்தி வாட்ஸப்பில் வந்தது. கோல்ஃப் மைதானத்து உறுப்பினர் குழுவில், காலை இட்லி எட்டரைக்கே தீர்ந்துபோகிறது என்ற புகாருக்கும் யாரோ மறந்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடியின் படத்துக்கும் நடுவே. 'கேடி கன்னியப்பன் நேற்று காலமானார்.' அவ்வளவுதான். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. நானும் ஒன்று போட்டேன். எதிரே ஒரு கட்சிக்காரர் கிரயப் பத்திரத்தின் நகலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மயிலாப்பூரில் என் வக்கீல் அலுவலகத்தின் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் மைதானத்துச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். உறுப்பினர் இதழில் போட இரண்டு பத்தி வேண்டுமாம், கூடவே ஒரு புகைப்படம். இருபத்திரண்டு வருடம் கன்னியப்பன் என் பையைத் தூக்கியிருப்பதால் நான்தான் எழுதப் பொருத்தமானவனாம். பொருத்தம் எனக்கு இல்லை. ஆனால் எழுத வேண்டிய கட்டாயம் என்னைவிட வேறு யாருக்கும் இல்லை. இரண்டு பத்தியில் இது அடங்காது. இதழில் போடுகிறார்களோ இல்லையோ, இதன் ஒரு பிரதியைக் கேடிகள் உட்காரும் ஷெட்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது, முதலில் ஷெட்டில் இருப்பவர்களுக்கு.

உங்கள் வீட்டில் கோல்ஃப் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக ஒரு வரி: ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்து, கூடவே நடந்து, எந்த மட்டை, எந்தப் பக்கம் என்று சொல்கிறவர் கேடி. நான் ஆட வந்தது நாற்பத்தைந்து வயதில், டாக்டர் நடக்கச் சொன்னதால். முதல் நாள் என் பையை எடுத்துக்கொண்டவர் கன்னியப்பன். ஊரூர் குப்பத்துக்காரர், என் வயதுதான். நான் வக்கீல் என்று கேள்விப்பட்டதும், "போலீஸ் டேசன்ல கேடின்னா அது வேற சார், இங்க வேற. உன்னாண்ட மொதல்லியே சொல்லிட்றேன்" என்றார். நான் அவரை நீ என்றேன். அவரும் என்னை நீ என்றார், வாக்கியத்துக்கு ஒரு சார் சேர்த்து. கடைசி வரை அப்படித்தான்.

ஏழாவது ஹோலை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது இருப்பதை மட்டும் பார்த்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். முதல் அடி அடிக்கிற மேடையான டீயில் நின்று பார்த்தால் புல்பாதை மேற்கே நேராகப் போய் வலப்பக்கம் வளையும். வளைவின் உட்புறத்தில், வழியை மறித்துக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மரத்துக்கு இடப்பக்கம், பயந்து ஒதுங்குகிறவர்களின் பந்து வந்து விழுகிற அதே இடத்தில், ஒரு பங்கர், அதாவது மணல் நிரப்பிய பள்ளம். குழி இருக்கிற கிரீனுக்கு இடது முன்பக்கத்தில் இன்னொன்று. மரத்தின் தலைக்கு மேலே பந்தை அனுப்பினால் கிரீன் பக்கத்தில், வாசல் திறந்த வீடு மாதிரி இருக்கும். சுற்றிப் போனால் முதல் பங்கர். அதில் தப்பித்தாலும் நீண்ட அடி, நடுவில் இரண்டாவது பங்கர். மூன்றும் சேர்ந்துதான் அந்த ஹோல். கன்னியப்பன் எனக்கு என் பாஷையிலேயே சொன்னார்: "பெருசு கேள்வி கேக்குற வக்கீலு சார். பங்கரு ரெண்டும் ஜட்ஜு." பெருசு என்றது மரத்தை.

அந்த முதல் நாள் டீயில் அவர் என்னிடம் கேட்டது, "மரத்த எடுக்கிறியா சார், சுத்திக்கினு போறியா?" நான் முழித்தேன். மரத்தை நான் எதற்கு எடுக்க வேண்டும்? அவர் சிரித்துவிட்டுப் பந்து போகிற வழியைக் கையால் வளைத்துக் காட்டினார். ஷெட்டில் பேசும் பாஷையில் எடுப்பது என்றால் மேலாகத் தாண்டுவது. குளத்தை எடு, பங்கரை எடு, மரத்தை எடு. ஷெட்டுக்கு வெளியே, எனக்குத் தெரிந்து, இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம் கிடையாது. அன்று அதைக் கற்றுக்கொண்டேன்.

பிறகு அது எங்களுக்குள் ஒரு சடங்காகிவிட்டது. ஏழாவது டீயில் நான் கேட்பேன், "கன்னியப்பா, மரத்த எடுத்துடலாமா?" அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். "காத்து எப்டி கீது?" என்று திருப்பிக் கேட்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. கடலோரத்தில் பிறந்தவருக்குக் காற்றை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நானே பார்க்க வேண்டும், அதற்காகக் கேட்பார். நான் கொஞ்சம் புல்லைக் கிள்ளி விட்டுப் பார்த்துச் சொல்வேன். கடலிலிருந்து வந்தால் முதுகுப் பக்கம் தள்ளும். "அப்டினா எட்த்துடு சார், பயப்படாத." எதிர்க்காற்று என்றால், "வாணாம் சார், சுத்திக்கினு போ." இருபத்திரண்டு வருடத்தில் இந்த நான்கு வாக்கியத்தை எத்தனை தடவை பேசியிருப்போம் என்று எனக்குத் தெரியாது.

மரத்தை அவர் படித்து வைத்திருந்தார். தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் இலையை மடித்துக்கொள்ளும். ஐந்தரைக்கு மேல் என் பந்து தாழப் போனாலும் கவலைப்பட மாட்டார். "பெருசு கண்ண மூடிகிச்சு சார், பால் உள்ள பூந்து போய்டும்" என்பார். பல நாள் போகவும் போகும். நடுமத்தியானம் அதே அடி இலையில் பட்டுக் கீழே விழுந்தால், முழித்துக்கொண்டிருக்கிற பெருசிடம் ஏமாற்று வேலை நடக்காது என்று என்னைக் கேலி செய்வார். பகலிலேயே இலை மடிந்திருந்தால் மழை வரும் என்று குடையைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தப் பெரிய புயலில் மைதானமே மொட்டையாகிப் போனபோது, சாய்ந்தும் விழாமல் நின்ற சிலவற்றில் அதுவும் ஒன்று. புயலுக்கு மறுநாள், முட்டளவு தண்ணீரில், குப்பத்தில் தன் வீட்டுக் கூரையைக்கூடச் சரி செய்யாமல் அதைப் பார்க்க வந்துவிட்டார்.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு மாதப் போட்டியில் நான் ஏழாவதில் முதல் பங்கரில் விழுந்தேன். வெளியே வர நான்கு அடி. கூட ஆடியவர்களில் ஒருவர் நான் தொழில் பழகிய சீனியர் வக்கீல், எனக்கு அவமானமாக இருந்தது. கன்னியப்பன் எல்லோர் காதிலும் விழும்படி, "என் தப்பு சார், மட்டைய மாத்திக் குட்த்துட்டேன்" என்றார். சீனியர்கூட அவரை ஒரு முறை முறைத்தார். கன்னியப்பன் சரியான மட்டையைத்தான் கொடுத்திருந்தார். வீம்புக்கு வேறொன்றை உருவியவன் நான். திரும்பி நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஆட்றவனுக்கு அட்த்த அடி கீது சார். மனசு கெட்டா அதுவும் பூடும். கேடிக்கு இன்னா கீது?" என்றார். நான் அதை ரசித்தேன். வீட்டில் வந்து மனைவியிடமும் சொன்னேன். "அவர் பழிய ஏத்துண்டார்னா, நீங்க சும்மா இருந்துட்டேளா?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

போன வருடத் தொடக்கத்தில் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல் முதலில் கரகரத்துப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் மைதானக் கமிட்டியில் மரத்தின் பேச்சு எழுந்தது. கிரீனில் வெயில் படவில்லை, ஒரு பக்கம் புல் மஞ்சளாகிறது, சாய்ந்த மரம் எப்போது யார் தலையில் விழுமோ என்று ஒரு தரப்பு. மரம் போனால் ஏழாவது ஹோலே போய்விடும் என்று இன்னொரு தரப்பு. கேடிகள் எல்லோரும் வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நிழலுக்காக மட்டும் இல்லை. மரமும் பள்ளமும் குழப்புகிற இடத்தில்தான் கேடியை யோசனை கேட்பார்கள். பொட்டலில் பையை வைக்க ஒரு தள்ளுவண்டி போதும். அந்தக் காகிதத்தில் கன்னியப்பன் கையெழுத்து இல்லை, அவர் படுக்கையில் இருந்ததால்.

கமிட்டியில் ஐந்து பேர். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது நான். பெரிய மனுஷத்தனமாக ஒன்று சொன்னேன்: கன்னியப்பனைவிட அந்த மரத்தை அறிந்தவர் யாரும் இல்லை, அவரைக் கேட்டுவிட்டு அவர் சொல்கிறபடி வாக்களிக்கிறேன் என்று. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாலு மணிக்குக் கமிட்டி அறை வாசலில் நின்று அவரை அழைத்தேன். மகள் தேவி எடுத்து, அப்பா இப்போதுதான் கண் விழித்தார் என்று காதில் வைத்தாள். எனக்குப் பின்னால், மைதானத்தில், புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"கன்னியப்பா, ஏழாவதுல மரத்த எடுத்துடலாமா?" என்றேன்.

அந்தக் கரகரத்த குரல், "காத்து எப்டி கீது?" என்றது.

ஆஸ்பத்திரி அறையில் புழுக்கம் போலிருக்கிறது, வெளிக்காற்றை விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "கடல்லேர்ந்து நன்னா அடிக்கறது" என்றேன்.

"அப்டினா எட்த்துடு சார். பயப்படாத."

உள்ளே போய், கன்னியப்பன் எடுத்துவிடச் சொல்லிவிட்டார் என்றேன். மூன்றுக்கு இரண்டு.

முப்பத்தைந்து வருடம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவன் நான். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் எதிரியின் சாட்சியை அதை வைத்தே கவிழ்ப்பேன். இங்கே இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும். ஒன்றை அவரேதான் கற்றுக்கொடுத்தார். அப்படியும் ஏன் உறைக்கவில்லை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டிய பிறகு என் தோள்பட்டை அந்த உயரத்துக்குப் பந்தை அனுப்பவில்லை. நாலைந்து வருடமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன், பங்கரில் விழுந்துகொண்டிருந்தேன். மரம் போனால் எனக்கு நல்லது. எனக்கு வேண்டியதுதான் என் காதில் விழுந்தது. மருந்து மயக்கத்தில் இருந்த மனுஷனோ, நான் டீயில் நிற்கிறேன், திரும்பவும் தைரியம் வந்து கேட்கிறேன் என்று நம்பியிருக்கிறார்.

முறைப்படி அனுமதி வாங்கி வெட்டினோம். மூன்று நாள் ஆனது. அதன் பிறகு ஏழாவதில் யாரும் டீயில் நின்று யோசிப்பதில்லை. நேராக அடிக்கிறார்கள், நேராக நடக்கிறார்கள். இடது பக்கத்துப் பங்கரில் பந்து விழுவதே இல்லை. ஒதுங்க யாருக்கும் காரணம் இல்லாததால் மணலில் நாய் படுத்திருக்கிறது. என் கணக்கில் இரண்டு அடி மிச்சமானது. அந்த இரண்டு அடியை நினைத்தால் எனக்கு இப்போது குமட்டுகிறது.

சிகிச்சை முடிந்து கன்னியப்பன் ஒரே ஒரு நாள் மைதானத்துக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஷெட்டில் எழுந்து வந்து பேசியவர்கள் குறைவு. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. ஏழாவதுக்குப் போகலாம் சார் என்றார். நானும், அவரை மாமா என்று கூப்பிடும் இளைய கேடி ஏழுமலையும், இன்னும் இரண்டு கேடிகளும் கூட நடந்தோம். வெட்டின சேதியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்கூட. அவர்தானே எடுக்கச் சொன்னார், தெரியாமலா இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

டீயில் ஏறி நின்றார். வெகுநேரம் பார்த்தார். "பெருசு எங்க சார்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான். "இன்னா மாமா கேக்குற? நீதான எடுக்க சொன்ன? போன்ல நீ சொன்னன்னு சாரு கமிட்டில சொன்னாரே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. பந்து எங்கே போய் விழும் என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவர் ஏழுமலை பக்கம் திரும்பி, "ஆமாண்டா, நான்தான் சொன்னேன். வேரு உள்ள அழுகிப்பூச்சு, எப்பியோ பாத்து வச்சிருந்தேன்" என்றார். வேரில் ஒரு கோளாறும் கிடையாது. வெட்டிய நாள் எல்லோரும் பார்த்தோம், கருங்கல் மாதிரி இருந்தது. ஏழுமலையும் பார்த்தவன்தான். அவன், நீ வீட்டோட போய்ட்ட மாமா, நாங்க இங்கதான கீறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாங்கள் இருவரும் மெதுவாகத் திரும்பினோம். பாதி வழியில் கேட்டார், "அன்னிக்கு நீ ஆடலியா சார்?"

"இல்ல கன்னியப்பா. கமிட்டி ரூம் வாசல்ல நின்னுண்டிருந்தேன்."

தலையை ஆட்டினார். இப்போதே ஷெட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கையில் எடையே இல்லை. "வுடு சார். நான் இனிமே வரப்போறதில்ல. நீதான் இவங்களோட ஆடணும். உனக்கு அட்த்த அடி கீது."

நான் விட்டுவிட்டேன். அவர் சொன்னதற்காக விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அது வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். திருவான்மியூர் பக்கம் போகும்போதெல்லாம் குப்பத்துக்கு வண்டியைத் திருப்ப நினைத்து நேராகப் போய்விடுவேன். இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் கட்டிலில் படுத்தபடி, கை ஜாடையில், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். இரண்டு முறையும் நான் பேச்சை மாற்றினேன். ஷெட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று தேவியிடம் கேட்டேன். "யாரும் வர்ல சார். அப்பா அப்பப்ப வாசலயே பாத்துகினு இருக்கும்" என்றாள்.

சாவுக்கு ஷெட்டிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள். முப்பது வருடம் கூடவே பை தூக்கியவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், நீங்களே எண்ணிப் பாருங்கள். படகுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். வந்த இருவரில் ஒருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது: "நல்ல மனுசன். கடசீல மரத்த வுட்டுக்குட்த்துட்டாரு." அப்போதும் நான் திரும்பவில்லை. மாலை போட்டுவிட்டு, தேவியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அடையாறு பாலத்தின் நெரிசலில் ஒரு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. அவர் கண் மூடுவதற்குள் செய்திருக்க வேண்டியதை நான் செய்யவில்லை. இனி எதைச் செய்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒருவரையும் நான் அனுப்பவில்லை. இதை எழுதுவதால் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கூடாது.

இப்படி எழுதும்போது, மறைந்தவரின் நினைவாக என்ன வைத்திருக்கிறோம் என்று முடிப்பது வழக்கம். மட்டை துடைக்க அவர் தோளில் போட்டிருந்த நீலத் துண்டைத் தேவி எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. என் பையை இருபத்திரண்டு வருடம் அவர் தூக்கினார். அதோடு சேர்த்து, கடைசி நான்கு மாதம், என் பழியையும் தூக்கினார். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவருடையது என்று நான் வைத்துக்கொள்ளப் போவது அது ஒன்றுதான்.

ஏழுமலை, மற்ற எல்லோரும், இதை நின்று படியுங்கள். மரத்தை வெட்டச் சொன்னது கன்னியப்பன் இல்லை, நான். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது காற்று எப்படி இருக்கிறது என்று மட்டும்தான்.